மேக்ஃபைலில் மாறி விரியும் காலம்

மூலநிரல் ஒன்றாகவே இருந்தும், அதைத் தொகுக்கும் மேக்ஃபைலில் ஓரெழுத்தும் மாறாதிருந்தும், லினக்ஸ் கணினியில் பழுதின்றி முடிகிற வேலை ஃபிரீபிஎஸ்டியில் பாதியில் நின்றுபோவதும், வின்டோஸில் தொடங்கவே மறுப்பதும், ஆப்பிள் கணினியிலோ பிழைச் செய்தி எதுவுமின்றித் தவறான நிரலை ஆக்கி வைப்பதும் நிரலாளர் பலரும் அனுபவத்தில் அறிந்த விஷயமே. காரணம் கேட்டால், சாய்கோட்டின் திசை, வரி முடிவுக் குறி, கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் உள்ள பேதம், ஏதோ ஒரு கருவி நிறுவப்படாமை ஆகியவற்றையே பெரும்பாலோர் சொல்லுவர். அவை யாவும் மெய்யான காரணங்களே. ஆனால் அவை கண்ணுக்குப் புலப்படுவன. ஆகையால் விரைவில் பரிகாரமும் காணப்படுவன. புலப்படாத காரணம் ஒன்று உண்டு. மேக்ஃபைலில் எழுதிய ஒரு பெயர் எந்தக் கணத்தில் தன் பொருளைப் பெறுகிறது என்பதைப் பொறுத்தது அது. மதிப்பு இன்னதென்று எழுதியவருக்குத் தெரியும். அம்மதிப்பு எப்போது கணிக்கப்படும் என்பது அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அதைச் சொல்லும் அடையாளமும் வாசகத்தில் ஒரு முக்காற்புள்ளியளவுக்கு மேல் இல்லை. இந்தக் கால விவகாரத்தை, அது தோன்றிய வரலாறு, தளந்தோறும் அது எடுக்கும் உருவங்கள், அதற்குச் சொல்லப்பட்டுள்ள பரிகாரங்கள் என்னும் முறையில் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு காலங்கள்

மேக் என்னும் கருவியை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இயற்றினார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், மாறிய கோப்புகளைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி ஆக்கிக் கொள்ளலாம் என்ற எளிய கருத்தின் மேல் எழுந்த கருவி அது. அதற்காகவே 2003 ஆம் ஆண்டுக்குரிய ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஒரே சொற்றொடரைப் பல இடங்களில் எழுதும் சிரமம் தீர, அக்காலத்தில் மேக்ரோ என்று வழங்கிய மாறிகளை அவர் அமைத்தார். அவற்றுக்கு மதிப்பளிக்கச் சமக்குறி ஒன்றே இருந்தது. வலப்பக்கத்தில் எழுதிய வாசகம் எழுதியபடியே சேமிக்கப்படும். அதனுள் வேறு மாறியின் பெயர் இருந்தால், அது அப்போது விரிக்கப்படாமல், பயன்படும் இடம் வரும்போதே விரிக்கப்படும். இதுவே ஒத்திவைத்த விரிவு.

உயில் எழுதுபவர் ஒருவர், தம் பெட்டியிலுள்ள நகைகள் மகளுக்கு என்று எழுதி வைத்தால், எழுதிய நாளில் பெட்டியில் இருந்த நகைகளா, அவர் காலமான நாளில் இருந்தவையா என்ற வழக்கு எழ இடமுண்டு; வாசகத்தில் ஐயமில்லை, அதை எந்த நாளில் நிறுத்திப் படிப்பது என்பதிலேயே விவாதம். மேக்ஃபைலின் ஒவ்வொரு மாறிக்கும் இத்தகைய இரண்டு நாட்கள் உண்டு: கோப்பு வாசிக்கப்படும் நாள் ஒன்று, அதன் கட்டளைகள் நிறைவேற்றப்படும் நாள் மற்றொன்று.

இன்று மிகப் பரவலாக வழங்கும் குனு மேக் இவ்விரண்டையும் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. முதற் கட்டத்தில் மேக்ஃபைலையும் அதில் உட்சேர்க்கப்பட்ட கோப்புகளையும் முழுவதும் வாசித்து, மாறிகளையும் விதிகளையும் உள்ளத்தில் பதித்து, சார்பு வரைபடம் ஒன்றை அமைத்துக் கொள்கிறது. இரண்டாம் கட்டத்தில், எவற்றை மறுபடி ஆக்கவேண்டும் என்று தீர்மானித்து, அவற்றுக்குரிய கட்டளைகளை ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. விதியின் தலைப்பு வரியில் வரும் இலக்கும் முன்தேவைகளும், நிபந்தனை வரிகளும், உட்சேர்ப்பு வரிகளும் முதற் கட்டத்திலேயே விரிக்கப்படுகின்றன; விதியின் கீழ் வரும் கட்டளை வரிகள் இரண்டாம் கட்டத்தில் விரிக்கப்படுகின்றன. எனவே ஒரு மாறிக்குக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு மதிப்பும், விதிக்குப் பின்னர் வேறொரு மதிப்பும் அளித்திருந்தால், அந்த விதியின் முன்தேவைகள் பழைய மதிப்பையும், அதே விதியின் கட்டளைகள் புதிய மதிப்பையும் காணும். ஒரு கோப்பைச் சார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டு வேறொரு கோப்பை இணைக்கும் விதி இவ்வாறு உண்டாகிறது. நடுவே மதிப்பை மாற்றியது ஒரு குறிப்பிட்ட தளத்துக்கென உட்சேர்த்த துணைக்கோப்பாக இருந்தால், மற்றத் தளங்களில் இந்தப் பிழை இருப்பதே தெரியாது.

வம்சங்களின் பிரிவு

ஃபெல்ட்மன் அமைத்த விதி ஒன்றே எங்கும் நிலைத்திருந்தால் குழப்பம் இவ்வளவு பெருகியிராது. ஆனால் மேக் பல வம்சங்களாகப் பிரிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆடம் டி போர் எழுதிய இணைநிலை மேக் பிஎஸ்டி அமைப்புகளுக்குச் சென்று, நெட்பிஎஸ்டியில் வளர்ந்து, 2014 இல் வெளியான ஃபிரீபிஎஸ்டியின் பத்தாம் பதிப்பிலும் இடம்பெற்றது. ரிச்சர்ட் ஸ்டால்மனும் ரோலண்ட் மெக்ராத்தும் குனு மேக்கை எழுத, பின்னர் பால் ஸ்மித் அதைப் பேணி வருகிறார். மைக்ரோசாஃப்ட் தன் கம்பைலரோடு என்மேக் என்ற கருவியை வழங்கிற்று. பழைய சமக்குறியின் ஒத்திவைப்பு பல சந்தர்ப்பங்களில் இடைஞ்சலாக இருந்ததால், ஒவ்வொரு வம்சமும் தன் மனப்போக்குப்படி ஒரு திருத்தம் செய்துகொண்டது. தொல்லை அத்திருத்தங்களிலேயே தொடங்கிற்று.

முக்காற்புள்ளியோடு கூடிய சமக்குறியை எடுத்துக் கொள்வோம். குனு மேக்கிலும் பிஎஸ்டி மேக்கிலும் அது உடனடி விரிவையே குறிக்கும் என்று இருதரப்புக் கையேடுகளும் கூறுகின்றன. ஆயினும் பின்வரும் இரண்டு வரிகளைக் கவனிக்க:

கிடங்கு := $(வேர்)/நூலகம்
வேர் = /மென்பொருள்

முதல் வரி வாசிக்கப்படும்போது வேர் என்ற மாறி இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத மாறியைக் குனு மேக் வெற்றிடமாகக் கொண்டு விரித்துவிடுகிறது. ஆகவே கிடங்கின் மதிப்பு ‘/நூலகம்’ என்று நிலைத்துவிடும். பிஎஸ்டி மேக்கோ, வரையறுக்கப்படாத மாறியின் பெயரை விரிக்காமல் அப்படியே விட்டுவைக்கும் சம்பிரதாயம் உடையது. பிற்பாடு கிடங்கு பயன்படும்போது வேருக்கு மதிப்பு வந்துவிட்டிருப்பதால், அங்கே ‘/மென்பொருள்/நூலகம்’ என்ற சரியான பாதை கிடைக்கிறது. பிஎஸ்டியில் பல ஆண்டுகள் குறையின்றி ஓடிய மேக்ஃபைல், லினக்ஸுக்கு வந்ததும் கோப்புகளை வட்டின் தலைமைக் கோப்புறையின் கீழ் நிறுவ முற்படும். மேலாளரின் அதிகாரத்தோடு ஓட்டப்பட்டால் நிறுவியும் விடும். இரு கருவிகளும் தத்தம் விதிக்கு மாறாக நடக்கவில்லை. ஆகவே இருவரிடமும் குறை கூறிப் பயனில்லை.

இந்த வேற்றுமையின் காரணமாகவே, பாசிக்ஸ் தரத்தை வகுப்போர் இரு தரப்புக்கும் பொதுவான உடனடிக் குறி ஒன்றை வகுக்க நினைத்தபோது, ஒற்றை முக்காற்புள்ளியை அப்படியே ஏற்க இயலாமல் போயிற்று. 2012 இல் அவர்கள் இரட்டை முக்காற்புள்ளிச் சமக்குறியை ஏற்படுத்தினர். குனு மேக்கின் 2013 ஆம் ஆண்டு 4.0 பதிப்பு அதை ஏற்றது. பிஎஸ்டியின் பழைய வழக்கத்தை ஒட்டி, உடனே விரித்து, விரிந்த வாசகத்திலுள்ள டாலர் குறிகளை இரட்டித்துப் பாதுகாத்து, பயன்படுத்தும்போது மறுபடியும் விரிக்கும் மூன்று முக்காற்புள்ளிச் சமக்குறியும் பின்னர் வந்தது. அது 2022 இல் குனு மேக்கின் 4.4 பதிப்பில் சேர்ந்தது. 2024 இல் வெளியான பாசிக்ஸ் தரத்தில் இவை இடம்பெற்றுள்ளன. ஒரு மதிப்பளிப்புக்கு எத்தனை முக்காற்புள்ளி இடுவது என்று ஆலோசிக்கவேண்டிய நிலைக்கு ஒரு மொழி வந்து சேர்ந்திருப்பது, அதன் மூலவிதி எவ்வளவு மௌனமாக இருந்தது என்பதற்குப் போதிய பிரமாணம்.

என்மேக்கின் விவகாரம் வேறு விதம். அங்கே கம்பைலருக்கு உரிய கொடிகளைத் தாங்கும் மாறிக்கு, அதே மாறியின் பழைய மதிப்பையும் ஒரு புதிய கொடியையும் சேர்த்து ஒற்றைச் சமக்குறியால் மதிப்பளிப்பது சர்வசாதாரண வழக்கம். தன்னையே சுட்டும் அந்த வரி, பழைய மதிப்போடு புதியது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். அதே வரியைக் குனு மேக் வாசித்தால், வலப்பக்கம் பயன்பாட்டின்போதே விரியவேண்டும் என்ற விதிப்படி அது தன்னைத் தானே முடிவின்றி விரிக்கவேண்டியதாகிறது. ஆகையால் மாறி தன்னையே சுட்டுகிறது என்று அறிவித்து நின்றுவிடுகிறது. விசேஷம் என்னவெனில், இந்த அறிவிப்பு மதிப்பளிக்கும் வரியில் எழுவதில்லை. அந்த மாறி முதன்முதலாக விரியும் இடத்திலேயே எழுகிறது. அம்மாறி பயன்படாத இலக்கை மட்டும் ஆக்கிப் பார்த்தவர், கோப்பு குற்றமற்றது என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

வம்சம் ஒன்றேயாயினும் தலைமுறை வேறாக இருந்தாலும் இதே கதிதான். ஆப்பிள் தன் நிரலாளர் கருவிகளோடு நெடுங்காலமாக வழங்கி வருவது 2006 இல் வெளியான குனு மேக் 3.81; 2010 இல் வந்த 3.82 முதல் குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு பொருந்துகிறது; அதற்கு முந்தைய பதிப்போடு ஆப்பிள் நின்றுவிட்டது. பிஎஸ்டி மேக்கில் உள்ளதும், குனு மேக்கின் 4.0 பதிப்பு ஏற்றதுமான வியப்புக்குறிச் சமக்குறி, வலப்பக்கத்தை ஷெல்லிடம் கொடுத்து அதன் விடையை மாறிக்கு அளிக்கும். இக்குறியை அறியாத 3.81, வியப்புக்குறியையும் மாறியின் பெயரின் ஒரு பகுதியாகக் கொண்டு, யாரும் கேளாத ஒரு பெயருக்கு மதிப்பளித்துவிட்டு மேலே செல்கிறது. நாம் கருதிய மாறி காலியாகவே இருக்கும். பிழைச் செய்தி வராது.

ஷெல்லைக் கேட்கும் நேரம்

தளத்தை அறிந்துகொள்ள மேக்ஃபைல்கள் ஷெல்லையே நாடுகின்றன. இயங்குதளத்தின் பெயரை யூநேம் கட்டளையாலும், நூலகங்களின் இருப்பிடத்தைப் பிகேஜி-கான்ஃபிக் கருவியாலும் கேட்டறிந்து மாறிகளில் வைப்பது வழக்கம். குனு மேக்கில் இக்கேள்வியை ஒற்றைச் சமக்குறியோடு எழுதினால், மாறி பயன்படும் ஒவ்வொரு தடவையும் ஷெல் புதிதாக எழுப்பப்படும். முந்நூறு மூலக்கோப்புகளைத் தொகுக்கும் விதியில் அந்த மாறி ஒருமுறை வந்தாலும் முந்நூறு தடவை அதே கேள்வி கேட்கப்படும். லினக்ஸில் புதிய செயலாக்கத்தைத் தோற்றுவிப்பது மலிவான காரியமாகையால் இதை யாரும் கவனிப்பதில்லை. வின்டோஸில் சிக்வின் போன்ற சூழல், யூனிக்ஸின் ஃபோர்க் அழைப்பைப் பாவனை செய்து காட்டவேண்டியிருப்பதால், அதே வேலை பொறுக்க முடியாத தாமதமாகிறது. மேக்கைத் தன்னுள் தானே அழைக்கும் வழக்கத்தைக் கண்டித்துப் பீட்டர் மில்லர் 1998 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும், ஒத்திவைத்த விரிவின் செலவு தனியே விளக்கப்பட்டிருக்கிறது. தாமதம் ஒருபுறமிருக்க, நேரத்தையோ பதிப்பு எண்ணையோ இவ்விதம் கேட்டால், ஒரே நிரலின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு விடை பதிந்துவிடவும் கூடும்.

எந்த ஷெல் விடையளிக்கிறது என்பதும் காலத்தைப் பொறுத்ததே. மேக்ஃபைலில் ஷெல் என்னும் மாறிக்குப் பாஷின் பாதையை அளித்துவிட்டால், எல்லாக் கேள்விகளும் பாஷிடமே செல்லும் என்று பலர் நம்புகின்றனர். அந்த வரி வாசிக்கப்படுமுன் உடனடிக் குறியால் கேட்கப்பட்ட கேள்விகள், யூனிக்ஸின் இயல்பான ஷெல்லிடம் சென்று முடிந்துவிட்டிருக்கும். ஆப்பிள் கணினியில் அந்த இயல்பான ஷெல் பாஷே ஆகையால், இரட்டைச் சதுர அடைப்பில் எழுதிய சோதனை அங்கே வெற்றி பெறும். உபுண்டு 2006 இலும் டெபியன் 2011 இலும் டாஷ் என்னும் சிறிய ஷெல்லை அவ்விடத்தில் அமர்த்திவிட்டபடியால், அங்கே அச்சோதனை தோல்வியுறும். ஷெல் கேள்வி தோல்வியுற்றாலும் குனு மேக் வேலையை நிறுத்துவதில்லை. திரையில் ஒரு வரி ஓடி மறைய, மாறி காலியாகி, தொகுப்பு நடந்துகொண்டே இருக்கும். வின்டோஸிலோ, தேடுபாதையில் யூனிக்ஸ் பாணி ஷெல் கிடைக்குமா என்று குனு மேக் தேடிப் பார்த்து, கிடைத்தால் அதையும், இல்லாவிடில் வின்டோஸின் சொந்தக் கட்டளை உரைபெயர்ப்பியையும் கொள்கிறது. வேறொரு நோக்கத்துக்காக நிறுவிய மென்பொருள் தேடுபாதையை மாற்றிவிட்டால், கேள்வியின் விடையும் உடன் மாறிவிடுகிறது.

ஏற்றுமதி செய்த மாறிகளின் விஷயத்தில் பதிப்புகளுக்குள் நிகழ்ந்த மாறுதலும் இவ்விடத்தில் குறிக்கத்தக்கது. 4.4 க்கு முந்தைய குனு மேக்கில், ஏற்றுமதி செய்வதாக அறிவித்த மாறியை விதிகளின் கட்டளைகள் காணும். வாசிக்கும்போது ஷெல்லிடம் கேட்கும் கேள்விகள் காணமாட்டா. நூலகத் தேடுபாதையை ஏற்றுமதி செய்துவிட்டு, அடுத்த வரியிலேயே பிகேஜி-கான்ஃபிக்கைக் கேட்கும் மேக்ஃபைல், ஆகவே பழைய பதிப்பில் நூலகத்தைக் காணாது தவிக்கும். புதிய பதிப்பில் கண்டுகொள்ளும்.

கோப்புகளைக் காணும் நேரம்

வட்டிலுள்ள கோப்புகளும் காலத்துக்கு உட்பட்டவையே. வைல்ட்கார்டு என்னும் செயற்கூறால் மூலக்கோப்புகளைத் திரட்டி உடனடிக் குறியால் மாறியில் வைத்தால், வாசிக்கும் கணத்தில் வட்டில் உள்ளவையே அதில் அகப்படும். மூலக்கோப்புகளில் சில, வேறொரு கருவியால் தொகுப்பின்போதே ஆக்கப்படுவனவாயிருந்தால், சுத்தமான கோப்புறையில் முதல் தடவை அவை அகப்படமாட்டா. இரண்டாம் தடவை ஓட்டும்போது அகப்படும். எழுதியவரின் கணினியில் பழைய கோப்புகள் எப்போதும் கிடப்பதால் அவருக்குக் குறை தோன்றுவதில்லை. ஒவ்வொரு தடவையும் வெற்றுக் கோப்புறையில் தொடங்கும் தானியங்கிச் சோதனைக் கணினியிலோ, புதிய தளத்தில் முதன்முதலாகத் தொகுக்கும் அந்நியரிடமோதான் அது வெளிப்படும். இதைத் தளத்தின் குறையென்று கருதி, அத்தளத்தில் நாட்கணக்காகத் தேடுவதும் உண்டு.

குனு மேக் ஒரு விதியின் கட்டளை வரிகள் அனைத்தையும், முதல் வரி நிறைவேறுமுன்பே, ஒருங்கே விரித்துவிடுகிறது என்பது அனுபவசாலிகளும் மறக்கும் ஒரு நுட்பம். முதல் வரி ஒரு கோப்பை எழுத, இரண்டாம் வரி மேக்கின் ஷெல் செயற்கூறு மூலம் அதை வாசிக்க முனைந்தால், வாசிப்பு எழுத்துக்கு முன்பே நடந்துவிடும். அக்கேள்வியை மேக்கிடமிருந்து எடுத்து, கட்டளை வரியினுள் ஷெல்லின் சொந்தப் பிரயோகமாக எழுதிவிட்டால் எல்லாத் தளத்திலும் ஒரே வரிசையில் நடக்கும். திரட்டிய கோப்புகளின் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறியது: 3.82 முதல் 4.2 வரை வைல்ட்கார்டின் விடை அகரவரிசைப்படுத்தப்படாமல், கோப்பமைப்பு தந்த வரிசையிலேயே வந்தது. 2020 இல் வந்த 4.3 மீண்டும் வரிசைப்படுத்திற்று. இணைப்பு வரிசையைச் சார்ந்த நிரல்கள் இதனால் ஒரு கணினியில் இணைந்து மற்றொன்றில் இணையாமற் போவதுண்டு. வரிசைப்படுத்தும் செயற்கூறை வெளிப்படையாக எழுதுவதே இதற்குத் தக்க தற்காப்பு.

உட்சேர்ப்பின் விஷயமும் இதைச் சேர்ந்ததே. குனு மேக் தான் வாசித்த மேக்ஃபைல்களின் பெயர்களை ஒரு பட்டியலில் வரிசையாகச் சேர்த்துவருகிறது. அப்பட்டியலின் கடைசிப் பெயரைக் கொண்டு, இப்போது வாசிக்கப்படும் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று அறியலாம். ஆனால் இடையில் வேறொரு கோப்பை உட்சேர்த்துவிட்டால், கடைசிப் பெயர் அதனுடையதாகிவிடும். ஆண்ட்ராய்டின் என்டிகே கருவித்தொகுதியில் ஒவ்வொரு தொகுதியின் மேக்ஃபைலும் தன் கோப்புறையை முதல் வரியிலேயே உடனடிக் குறியால் பதிந்துகொள்வது இதனால்தான். வேறு கோப்பை உட்சேர்த்த பின் அந்தக் கேள்வியைக் கேட்கலாகாது என்று அதன் கையேடும் எச்சரிக்கிறது.

குறிகளின் சூட்சுமங்கள்

கூட்டல் சமக்குறி தன்னளவில் உடனடியுமன்று, ஒத்திவைத்ததுமன்று. குனு மேக்கில் அது அந்த மாறி முன்பு எவ்விதம் பிறந்ததோ அவ்விதமே நடக்கும். தளந்தோறும் ஒரு துணைக்கோப்பு வைத்து, லினக்ஸுக்குரியதில் கொடிகளை முக்காற்புள்ளியோடும், வின்டோஸுக்குரியதில் முக்காற்புள்ளி இன்றியும் ஒருவர் எழுதிவிட்டார் என்று கொள்வோம். பொதுக் கோப்பில் அக்கொடிகளோடு கூட்டப்படும் ஒரு மாறி, அந்த வரிக்குக் கீழே வரையறுக்கப்பட்டிருந்தால், லினக்ஸில் அது காலியாகக் கூடும். வின்டோஸில் நிறைவாகக் கூடும். பிழை தோன்றும் வரியில் குற்றமில்லை; குற்றம் ஒரு துணைக்கோப்பில் இட்டு மற்றொன்றில் விடுபட்ட ஒரு முக்காற்புள்ளியில் இருக்கிறது.

கேள்விச் சமக்குறி, மாறிக்கு மதிப்பில்லாவிடில் மட்டும் மதிப்பளிப்பது. சி கம்பைலரைக் குறிக்கும் மாறிக்கு இக்குறியால் ஜிசிசியை அளித்துவிட்டு, வேறொன்று வேண்டுவோர் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதுவோர் மிகப் பலர். ஆனால் குனு மேக் அந்த மாறிக்குச் ‘சிசி’ என்ற கட்டளைப் பெயரைத் தானே முன்கூட்டி அளித்துவைத்திருக்கிறது. ஆகவே இந்த வரி ஒருபோதும் பலிப்பதில்லை. லினக்ஸில் அப்பெயர் வழக்கமாக ஜிசிசியையே சுட்டுவதால் எல்லாம் நலமாகத் தோன்றும். அப்பெயரில் நிரல் எதுவும் இல்லாத வின்டோஸ் நிறுவலிலேயே வேலை நின்றுபோகும்.

ஒரு குறிப்பிட்ட இலக்குக்கு மட்டும் உரிய மாறிகளும் காலத்தின் பாற்பட்டவையே. அவை கட்டளைகளில் மட்டும் பலிக்கும். முன்தேவைகள் வாசிக்கும்போதே விரிந்துவிடுவதால் அங்கே பலிக்கமாட்டா. இதற்காகக் குனு மேக்கின் 3.81 இரண்டாம் விரிவு என்னும் வசதியைக் கொண்டுவந்தது. முன்தேவைகளில் டாலர் குறியை இரட்டித்து எழுதினால், வாசிப்பில் ஒருமுறையும் பின்னர் மற்றொருமுறையும் அவை விரியும். பிஎஸ்டி மேக்கில் இவ்வசதி இல்லை; அங்கே இலக்கின் பெயர் முதலிய சில மாறிகள் மட்டும் முன்தேவை வரியில் தக்கபடி விரியும் வேறு ஏற்பாடு உண்டு.

பரிகாரங்கள்

இத்தனை அநர்த்தங்களுக்கும் மூலமான ஒத்திவைத்த விரிவை அறவே விலக்கிவிடலாமே என்றால், அதுவும் நியாயமன்று. மேக்கின் உள்ளமைந்த விதிகள் கம்பைலரையும் கொடிகளையும் பெயரால் மட்டும் சுட்டி நிற்பதால்தான், பயனர் பிறகு அவற்றுக்கு எம்மதிப்பை அளித்தாலும் ஏற்கின்றன. நிறுவும் வேளையில் நிறுவிடத்தை மாற்ற இடமிருக்கவேண்டும் என்று குனு நிரல்முறை விதிகள் கோருவதும், ஒரு பாதை மற்றொரு பாதையின் பெயரைத் தாங்கி நின்றால் எளிதில் நிறைவேறுகிறது. ஆயின் இந்த வசதிக்கும் விலையுண்டு: ஆட்டோகான்ஃப் உண்டாக்கும் அமைப்பு நிரல், நூலகப் பாதையை இறுதி மதிப்பாக அன்றி, விரியாத மாறியின் வடிவிலேயே எழுதுகிறது, அதை அப்படியே சி தலைப்புக் கோப்பில் இட்டுவிட்டால், டாலர் குறியோடு கூடிய வாசகமே நிரலினுள் பாதையாகப் பதிந்துவிடும். ஆகையால் அத்தகைய பாதையை மேக் வாயிலாகவே கம்பைலருக்கு அனுப்பும்படி அதன் கையேடு அறிவுறுத்துகிறது.

இதுவரை முயலப்பட்ட வழிகள் நான்கு. முதலாவது, ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் மரபு: தளம் பற்றிய கேள்விகளை மேக் தொடங்குமுன்பே கேட்டு முடித்து, விடைகளை மேக்ஃபைலில் எழுதி, எல்லா மேக்குகளும் ஒருபடியாக உணரும் ஒற்றைச் சமக்குறியோடு நின்றுகொள்வது, முக்காற்புள்ளிக் குறியை எழுதினால் இடப்பெயர்ச்சிக்கு உகந்ததன்று என்று ஆட்டோமேக் எச்சரிப்பதும் இதனால்தான். இரண்டாவது, குனு மேக் ஒன்றையே எங்கும் வேண்டுவது. லினக்ஸ் கருவின் தொகுப்பு முறை இவ்வழியது. கம்பைலர் ஒரு கொடியை ஏற்குமா என்று வாசிக்கும்போதே சோதித்து, உடனடிக் குறிகளை மிகுதியாகக் கையாளும் அம்முறையில், சோதனைக்கு முன் இலக்குப் பொறிக்குரிய கொடிகள் சேர்ந்துவிட்டனவா என்ற வரிசையே முக்கியமாகிறது. மூன்றாவது, மேக்ஃபைலைக் கையால் எழுதாமல் சிமேக் போன்ற கருவியால் ஆக்குவிப்பது, அல்லது நிஞ்ஜாவைப் போல எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்ட கட்டளைக் கோப்பை நாடுவது. ஆண்ட்ராய்டு தன் பழைய மேக்ஃபைல்களைக் காட்டி என்னும் கருவியால் நிஞ்ஜாக் கோப்பாக மாற்றியபோது, கட்டளைகள் நிறைவேறத் தொடங்குமுன்பே யாவும் விரிக்கப்பட்டன. நான்காவது, பாசிக்ஸின் புதிய குறிகள்; கோட்பாட்டளவில் இவையே நேரிய தீர்வு, ஆனால் பழைய 3.81 புழக்கத்தில் உள்ளவரை அவற்றை மட்டும் நம்பி எழுதுவது துணிச்சலாகும்.

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் வெற்றி பெற்றதன் ரகசியம் ஒன்றே: அவை கால ஐயத்தைத் தீர்க்கவில்லை, மேக்குக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டன. கையால் எழுதும் மேக்ஃபைலுக்கு அந்த வசதி இல்லையாதலால், எழுதுபவரே காலத்தை வெளிப்படச் சொல்லவேண்டும். எந்த மேக்குக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, குனு மேக்குக்காயின் அக்கருவி மட்டும் தேடி எடுக்கும் குனுமேக்ஃபைல் என்ற பெயரையே கோப்புக்கு இடவேண்டும். ஷெல் மாறியை எல்லாவற்றுக்கும் முன்னே வைத்து, தளம் பற்றிய கேள்விகளை அதன் கீழ் உடனடிக் குறியால் ஒருமுறை மட்டும் கேட்டு, விடை காலியாயின் அங்கேயே வேலையை நிறுத்தவேண்டும். துணைக்கோப்புகளில் ஒரே மாறி ஒரே வகைக் குறியால் பிறக்கவேண்டும். தொகுப்பின்போது ஆக்கப்படும் கோப்புகளைப் பெயர் சொல்லியே எழுதவேண்டும். ஐயம் நேர்ந்தால், ஒரு மாறி எவ்வகையது, எங்கிருந்து வந்தது என்று சொல்லும் செயற்கூறுகளும், வரையறுக்காத மாறிகளை எச்சரிக்கும் விசையும் குனு மேக்கில் உண்டு. ஆயினும் வாசிக்கும்போது அச்சிட்டுப் பார்த்த மதிப்பு கட்டளை வரியில் வரும் மதிப்பே என்று கொள்ளலாகாது.

நம் முடிவு இது. ஒற்றைச் சமக்குறி மேக்கில் இயல்பான குறியாக இருப்பது வரலாற்றின் விளைவேயன்றி, அதன் தகுதியினால் அன்று. குனு மேக்குக்காக இன்று புதிதாக எழுதும் மேக்ஃபைலில் உடனடி விரிவே பொதுவிதியாகவும், ஒத்திவைத்த விரிவு காரணம் சொல்லி ஏற்கும் விதிவிலக்காகவும் இருக்கவேண்டும்; பல மேக்குகளுக்கும் பொதுவாக எழுதுவோர், தளம் பற்றிய கேள்வி எதையும் மேக்கினுள் கேளாதிருக்கவேண்டும். இவ்விரண்டில் ஒன்றைக் கைக்கொண்டு, வெளியிடுமுன் வெற்றுக் கோப்புறையில், பிஎஸ்டி கணினி ஒன்றிலும் ஆப்பிள் கணினி ஒன்றிலும் தொகுத்துப் பார்ப்பவர், இங்கே கூறிய பழுதுகளில் பெரும்பாலானவற்றைப் பயனரிடம் போய்ச் சேருமுன்பே கண்டுகொள்வார்.